வானை அளந்த நீலகண்ட சோமயாஜி

மழைக்காலம் நீங்கி வானம் தெளிந்த ஒரு மாலைப்பொழுது. நம் குடியிருப்பின் மொட்டைமாடியில் நின்று மேற்கே கடற்பக்கம் நோக்கிக்கொண்டிருந்தோம். கதிரவன் மறைந்து சிறிது நேரம் ஆகியிருந்தது. தென்னந்தலைகளுக்கு மேலே வெள்ளி தன்னந்தனியாகப் பளிச்சிட்டது. உடனிருந்த குழந்தைகளுள் பத்து வயதுச் சிறுமி ஒருத்தி, அந்த வெள்ளி அகல்விளக்கைப் போலத் தானே எரிகின்றதா, கண்ணாடியைப் போலப் பிறிதொன்றன் ஒளியை வாங்கி வீசுகின்றதா என்று கேட்டாள். வெள்ளிக்கு ஒளி சொந்தமன்று, கதிரவனிடம் பெற்றதே என்றேன். அவள் அவ்வளவில் நிறைவு பெறவில்லை. அதனை யார் பார்த்தார்கள், எவ்வாறு கண்டுபிடித்தார்கள் என்று மீண்டும் கேட்டாள்.

இத்தாலி நாட்டுக் கலிலியோ 1610ஆம் ஆண்டில் தொலைநோக்கியால் கண்டார் என்று பள்ளிப்பாடத்தில் உள்ளபடி சொல்லி முடித்திருக்கலாம். அது உண்மையே. ஆயினும் அவருக்கு ஒரு நூற்றாண்டுக்கு முன்னரே, தொலைநோக்கி என்னும் கருவி தோன்றாத காலத்தில், நாம் வாழும் இக்கேரள நாட்டில் வெறுங்கண்ணையும் கணக்கையும் துணைக்கொண்டு அவ்வுண்மையின் வாயில்வரை சென்ற ஒருவர் இருந்தார். அவரே கேளல்லூர் நீலகண்ட சோமயாஜி. அவர் பெயரைக் கேட்டவர் நம்மிற் பலர். வாழ்க்கையை அறிந்தவர் சிலர். அவருடைய தலையாய நூல்கள் அச்சேறிய நகரம் நம் திருவனந்தபுரம். அவரிடம் ஐயம் கேட்டுத் தெளிந்தவருள் ஒருவர் தமிழ்நாட்டவர். ஆதலின் அவர் வரலாற்றை நம் சங்கத்தின் ஆண்டுமலரில் எழுதுவது பொருத்தமேயாகும்.

முன்னோர் ஏற்றிய விளக்கு

கோள்களுக்குத் தமக்கென ஒளி இல்லை என்னும் கருத்து நம் நாட்டில் நேற்றுத் தோன்றியதன்று. கி.பி. 499ஆம் ஆண்டில் தமக்கு வயது 23 என்று குறிப்பிடும் ஆரியபட்டர், தம் நூலின் கோளபாதம் என்னும் பகுதியில் அதனைச் சொல்லிவிட்டார். பூமி, கோள்கள், விண்மீன்கள் ஆகிய உருண்டைகளில் ஒரு பாதி தத்தம் நிழலால் இருண்டிருக்கும். கதிரவனை நோக்கிய மறுபாதி ஒளி பெற்றிருக்கும் என்பது அவர் கொள்கை.

இன்றைய அறிவுகொண்டு பார்க்கையில், இக்கொள்கையில் பூமியைப் பற்றியும் கோள்களைப் பற்றியும் சொன்னது முற்றும் உண்மை. விண்மீன்களைப் பற்றிச் சொன்னது பிழை. விண்மீன் ஒவ்வொன்றும் ஒரு கதிரவன். தானே எரிந்து தானே ஒளிர்வது. ஆக, அப்பெரியாரின் ஒரே கூற்றில் ஒளிபெற்ற பாதியும் உண்டு, இருண்ட பாதியும் உண்டு. முன்னோர் சொன்னதிலிருந்து மெய்யைப் பிரித்தெடுப்பது எவ்வாறு? இந்த வினாவே நீலகண்டரின் நெடிய வாழ்வை இயக்கிய வினா எனலாம்.

பிறப்பும் கல்வியும்

நீலகண்டர் 1444ஆம் ஆண்டு ஜூன் திங்களில் பிறந்தார். தாம் பிறந்த நாளைக் கலியுக நாட்கணக்கில் அவரே தம் உரைநூல் ஒன்றில் பொதிந்து வைத்துள்ளார். பழைய புலவர் பலருடைய காலத்தை நாம் ஊகித்தே அறிய வேண்டியிருக்க, இவர் நமக்கு அத்துன்பம் தரவில்லை. மலையாள மொழியின் தந்தை எனப் போற்றப்படும் எழுத்தச்சன் தோன்றிய திரூருக்கு அருகிலுள்ள திருக்கண்டியூரே இவரது ஊர். கேளல்லூர் என்பது இல்லப்பெயர். தந்தையார் சாதவேதர், உடன்பிறந்தார் சங்கரர். சோமவேள்வி செய்தவராதலின் சோமயாஜி என்னும் பட்டம் பெயரோடு சேர்ந்தது. நாட்டார் கேளல்லூர்ச் சோமாதிரி என்றே வழங்கினர்.

வேதாந்தமும் வானநூலின் தொடக்கமும் இரவி என்னும் ஆசிரியரிடம் கற்றார். பின்னர் வடசேரி இல்லத்துத் தாமோதரரை அடைந்தார். தாமோதரரின் தந்தையார் பரமேசுவரர். நிளை எனப்படும் பாரதப்புழை கடலோடு கலக்கும் இடத்துக்கு அருகே அவர்கள் இல்லம் இருந்தது. பரமேசுவரர் 55 ஆண்டுகள் கிரகணங்களைக் கண்டு குறித்து வந்தவர். ஐம்பத்தைந்து ஆண்டுகள் என்பதைச் சற்று எண்ணிப் பார்த்தல் வேண்டும். கிரகணம் நாம் விரும்பும் நாளில் வருவதன்று. வரும் நாளிலும் மேகம் மறைக்கலாம். அப்படியிருந்தும் வாழ்நாளின் பெரும்பகுதியை ஆற்றங்கரையில் வானத்தை நோக்கியே கழித்தார் அவர்.

அவர் அத்தனைப் பாடுபட்டதற்குக் காரணம் இருந்தது. கேரளத்தில் கி.பி. 683 முதல் வழங்கிவந்த பரகிதம் என்னும் கணிதமுறை நாளடைவில் வானத்தோடு பொருந்தாமற் போயிற்று. கணக்கு ஒரு நேரத்தைச் சொல்லும். கிரகணம் வேறொரு நேரத்தில் தொடங்கும். எனவே அவர் 1431ஆம் ஆண்டில் திருக்கணிதம் என்னும் திருத்திய முறையை வகுத்தார். திருக் என்பது காட்சியைக் குறிக்கும் வடசொல். கண்ணால் கண்டதோடு ஒத்துவரும் கணிதமே திருக்கணிதம். நம் வீடுகளில் தவசம், நோன்பு முதலியவற்றுக்கு நாள் பார்க்கும்போது, வாக்கியப் பஞ்சாங்கம் ஒன்றும் திருக்கணிதப் பஞ்சாங்கம் ஒன்றும் கூற, மாமனாருக்கும் மருமகனுக்கும் இடையே வாதம் எழுவதுண்டு. அந்த வாதத்தின் வேர் இத்துணைப் பழமையானது என்பதைப் பலர் அறியார்.

இவ்வாறு வானத்தையே சான்றாகக் கொள்ளும் குடும்பத்தில் நீலகண்டர் பயின்றார். அப்பழக்கம் அவரிடமும் படிந்தது. 1467ஆம் ஆண்டிலும் 1501ஆம் ஆண்டிலும் நேர்ந்த சூரிய கிரகணங்களைத் தாமே கண்டு தம் உரையில் குறித்துள்ளார். முதலாவதைக் கண்டபோது அவருக்கு வயது இருபத்திரண்டு. அடுத்ததைக் கண்டபோது ஐம்பதைக் கடந்தவர். இளமையில் கொண்ட ஆர்வம் முதுமையிலும் தணியவில்லை.

தந்திரசங்கிரகம்

1500ஆம் ஆண்டு வாக்கில் அவர் இயற்றிய தந்திரசங்கிரகம் அவர் புகழுக்கு அடிப்படை. எட்டு அதிகாரங்களில் 432 சுலோகங்களால் ஆகிய நூல் அது. கோள்களின் இடம், நிழலால் பொழுதறிதல், சந்திர கிரகணம், சூரிய கிரகணம், கோள்களின் உதயாத்தமனம் ஆகியவற்றைக் கூறி, இறுதி அதிகாரத்தில் பிறையின் கொம்புகளைப் பற்றிப் பேசுகின்றது.

பிறைக்கொம்பு என்றவுடன் அது கவிஞர்க்குரிய பொருள் என்று நினைத்துவிடலாகாது. மூன்றாம் பிறையைக் கண்டு கைகூப்பும் வழக்கம் நம் இல்லங்களில் இன்றும் உண்டு. அப்பிறையைக் கூர்ந்து நோக்கினால், அதன் வளைந்த முதுகு எப்போதும் கதிரவன் மறைந்த திசையையே நோக்கியிருக்கும். கொம்புகள் சிலபோது நேராக நிமிர்ந்தும், சிலபோது ஒருபுறம் சாய்ந்தும் காணப்படும். நிலவுக்கு ஒளி சொந்தமாயின் இத்தகைய ஒழுங்குக்கு இடமில்லை. ஒளி கதிரவனிடமிருந்து வருவதனாலேதான், கதிரவனும் நிலவும் நாமும் நிற்கும் நிலைகளைக் கொண்டு இன்ன நாளில் இத்துணைப் பகுதி ஒளிரும், கொம்பு இத்துணைச் சாயும் என்று முன்கூட்டியே கணக்கிட முடிகின்றது. அக்கணக்கைச் செய்து, பிறகு மேற்கே சென்று பார்த்து, இரண்டும் ஒத்திருக்கக் காண்பதே இரவல் ஒளி என்பதற்குச் சான்று. சிறுமி கேட்ட வினாவுக்கு முதல் விடை இதுவே.

வெள்ளியின் வழி

நிலவைப் பற்றிய விடை இது. வெள்ளியைப் பற்றிய விடை இதனினும் அரிது. ஏனெனில் வெறுங்கண்ணுக்கு வெள்ளி ஒரு புள்ளியாகவே தோன்றும். அதன் ஒளிபெற்ற பாதியையும் இருண்ட பாதியையும் பிரித்துக் காண இயலாது. ஆயினும் வெள்ளி எங்கே செல்கின்றது என்பதைக் கணக்கால் அறியலாம் அன்றோ?

வெள்ளியும் புதனும் கதிரவனைவிட்டு வெகுதூரம் விலகுவதில்லை. மாலையில் மேற்கிலும் விடியலில் கிழக்கிலும் தோன்றுமேயன்றி, நள்ளிரவில் வெள்ளி நம் தலைக்கு மேல் நிற்பதில்லை. பழைய கணிதத்தில் செவ்வாய், வியாழன், சனி ஆகியவற்றுக்கு ஒரு விதியும், புதனுக்கும் வெள்ளிக்கும் வேறொரு விதியும் இருந்தன. பின்னைய இரண்டுக்கும் அவற்றின் சொந்தச் சராசரி இடத்தைக் கொள்ளாது, கதிரவனின் சராசரி இடத்தையே வைத்துக்கொண்டு திருத்தம் செய்துவந்தனர். ஆசிரியர் பலர் இதனைக் கேள்வியின்றி ஏற்றனர். நீலகண்டர் இதனை மாற்றினார். எல்லாக் கோள்களுக்கும் ஒரே நெறியை வகுத்து, புதனுக்கும் வெள்ளிக்கும் அவற்றின் சொந்த இடத்திலேயே திருத்தம் செய்யவேண்டும் என்றார்.

தம் ஆரியபட்டீய உரையில் அவர் இன்னும் ஓரடி முன்னே சென்றார். புதன் 88 நாளிலும் வெள்ளி 225 நாளிலும் ஒரு சுற்றை முடிக்கின்றன. ஆனால் இராசி மண்டலத்தைக் கதிரவனோடு சேர்ந்து ஓராண்டில்தான் சுற்றுகின்றன. ஆகவே அவற்றின் வட்டத்துக்குள் பூமி அடங்கவில்லை. பூமி எப்போதும் அவ்வட்டத்துக்கு வெளியே நிற்கின்றது என்று அவர் கண்டார். முடிவில், ஐந்து கோள்களும் கதிரவனைச் சுற்றுகின்றன, கதிரவன் அவற்றோடு பூமியைச் சுற்றுகின்றது என்னும் அமைப்பை வகுத்தார். இதனையொத்த அமைப்பை ஐரோப்பாவில் டைக்கோ பிராகி 1588ஆம் ஆண்டில் வெளியிட்டார்.

பூமியே கதிரவனைச் சுற்றுகின்றது என்று நீலகண்டர் சொல்லவில்லை. அதனை நாம் மறைக்க வேண்டுவதில்லை. இல்லாத பெருமையை ஏற்றிச் சொல்வது அவர் போற்றிய நேர்மைக்கே மாறாகும். ஆயினும் வெள்ளி கதிரவனைச் சுற்றுகின்றது என்பதையும், ஆரியபட்டர் சொன்னபடி அதன் ஒரு பாதி கதிரவனால் ஒளி பெறுகின்றது என்பதையும் ஒன்றாகச் சேர்த்து எண்ணுக. வெள்ளி நம் பக்கம் வரும்போது பிறையாகவும், கதிரவனுக்கு அப்பால் செல்லும்போது ஏறத்தாழ முழுவட்டமாகவும் தோன்ற வேண்டும் என்பது தானே விளங்கும். 1610ஆம் ஆண்டில் கலிலியோ தொலைநோக்கியில் கண்டது இக்காட்சியையே. அதுவே வெள்ளிக்குத் தன் ஒளி இல்லை என்பதை ஐயமற நிறுவியது. கண்ணாடி வில்லை ஒன்றுதான் நீலகண்டர் கையில் இல்லை. அதற்கு வேண்டிய கணக்கு இருந்தது.

தமிழகத்திலிருந்து வந்த வினாக்கள்

அந்நாளில் மலைகள் அறிவுக்கு வேலியாக நிற்கவில்லை. தமிழ்நாட்டில் அனந்தநாராயணரின் மகனாராகிய சுந்தரராசர் என்னும் வானநூல் அறிஞர் வாழ்ந்தார். நம் வாக்கியப் பஞ்சாங்கத்துக்கு அடிப்படையான வாக்கியகரணம் என்னும் நூலுக்கு உரை கண்டவர் அவர். அவ்வுரையோடு கூடிய நூல் 1962ஆம் ஆண்டில் சென்னையில் அச்சாயிற்று. தமக்கு எழுந்த ஐயங்களை அவர் நீலகண்டருக்கு எழுதியனுப்பினார். நீலகண்டர் அவற்றுக்கெல்லாம் விடை வகுத்து ஒரு தனி நூலாகவே ஆக்கினார். அவ்விடை நூல் நம் காலம்வரை வந்து சேரவில்லை. சுந்தரராசர் தம் உரையில் நன்றியோடு நினைவுகூர்ந்தமையால்தான் அது நமக்குத் தெரிகின்றது. ஆறு தரிசனங்களிலும் கரைகண்டவர் என்று அவர் நீலகண்டரைப் போற்றுகின்றார்.

பாலக்காட்டுக் கணவாய் வழியாகவும் ஆரல்வாய்மொழி வழியாகவும் வணிகரும் உழவரும் கலைஞரும் வந்து குடியேறிய வரலாற்றை நாம் அறிவோம். அவர்களோடு வினாக்களும் விடைகளும் ஏட்டில் ஏறிப் பயணம் செய்தன. வினவியவர் தமிழகத்தார், விடுத்தவர் கேரளத்தார். எந்த நாட்டான் எந்த மொழியினன் என்று பாராமல், கேட்ட வினா தக்கதா என்பதை மட்டுமே இருவரும் பார்த்தனர்.

கண்ணே சான்று

நீலகண்டர் தம் அறுபதாம் வயதை ஒட்டிச் சோதிர்மீமாம்சை என்னும் நூலை எழுதினார். கணக்குச் சொல்லும் நூலன்று அது. கணக்கை எவ்வாறு நம்புவது என்று ஆராயும் நூல். பல சித்தாந்தங்கள் ஒன்றோடொன்று மாறுபடுகின்றனவே, எதனைக் கொள்வது என்று கலங்குவோர்க்கு அவர் அதில் அறிவுரை கூறுகின்றார். ஒவ்வொரு முறையும் ஒரு காலத்தில் வானத்தோடு ஒத்திருந்தது. காலம் செல்லச்செல்ல விலகுவது இயல்பு. எனவே கிரகணங்களை நோக்குக, கணக்கோடு ஒப்பிடுக, வேறுபாட்டைக் கண்டால் திருத்துக, திருத்தியதை மாணாக்கருக்குக் கற்பிக்க, அவர்களும் அவ்வாறே சோதித்து அடுத்தவர்க்குத் தருக என்பதே அவர் நெறி.

ஆரியபட்டருக்கு நான்முகன் நேரில் தோன்றிக் கணக்குகளை அருளினான் என்று நம்பியவர் உண்டு. தெய்வம் அருளியதை மனிதன் திருத்தலாமா என்பது அவர்கள் கேள்வி. நீலகண்டர் வேள்வி செய்தவர். தெய்வ நம்பிக்கை உடையவர். ஆயினும் அவர் தந்த விடை உறுதியானது. தெய்வத்தின் அருளால் கிடைப்பது அறிவின் தெளிவே. ஆராயும் உழைப்பை மனிதனே செய்தல் வேண்டும் என்றார். பக்தியும் ஆராய்ச்சியும் ஒரே உள்ளத்தில் பகையின்றி வாழ முடியும் என்பதற்கு இவர் வாழ்வு ஓர் எடுத்துக்காட்டு.

வட்டத்தின் சுற்றளவுக்கும் விட்டத்துக்கும் உள்ள விகிதத்தை ஆரியபட்டர் ஏன் அண்ணிய அளவு என்று மட்டும் சொன்னார் என்பதையும் அவர் விளக்கினார். எந்த அளவுகோலால் விட்டத்தை மிச்சமின்றி அளக்கிறோமோ, அதே கோலால் சுற்றளவை அளந்தால் மிச்சம் நிற்கும். மிச்சத்தைச் சிறிதாக்கலாம், ஒழிக்க முடியாது என்றார். அறிந்ததன் எல்லையை அறிவதும் அறிவு என்பதை அவர் உணர்ந்திருந்தார்.

வழிவழி வந்த மாணாக்கர்

ஆழ்வாஞ்சேரித் தம்பிராக்களின் ஆதரவு அவருக்கும் அவர் தம்பிக்கும் கிடைத்தது. சித்திரபானு, சங்கர வாரியர் முதலியோர் அவரிடம் பயின்றனர். தாமோதரரிடம் கற்ற சேட்டதேவர் 1530ஆம் ஆண்டு வாக்கில் யுக்திபாஷை என்னும் நூலை மலையாளத்தில் எழுதினார். தந்திரசங்கிரகத்தின் கணக்குகளுக்குரிய காரணங்களை வடமொழியில் எழுதாமல் நாட்டு மொழியிலேயே விளக்கிய நூல் அது. உயர்ந்த கணிதத்தைத் தாய்மொழியில் சொல்ல முடியுமா என்று இன்றும் ஐயுறுவோர் உளர். ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன்னரே முடிந்தது என்பதே விடை. தாய்மொழியைக் காக்க இங்கே கூடியுள்ள நாம் இதனை நெஞ்சிற் பதித்தல் தகும்.

நம் நகரின் பங்கு

கும்பினி அலுவலராக மலபாரில் பணியாற்றிய விஷ் என்பவர் எழுதிய கட்டுரை 1834ஆம் ஆண்டில் வெளிவந்து, தந்திரசங்கிரகம் முதலிய நூல்களை ஐரோப்பியர்க்கு அறிவித்தது. அதன்பின் நெடுங்காலம் எவரும் பெரிதாகப் பொருட்படுத்தவில்லை. ஓலைகள் இல்லங்களின் பரண்களில் கிடந்தன. அவற்றைத் தேடித் திரட்டிக் காத்த பெருமை நம் நகருக்கு உரியது. திருவனந்தபுரம் வடமொழி நூல்வரிசையில் நீலகண்டரின் ஆரியபட்டீய உரை 1930, 1931, 1957 ஆகிய ஆண்டுகளில் மூன்று பகுதிகளாக வெளிவந்தது. கோள்களின் ஒளியைக் கூறும் கோளபாதத்தின் உரை அவற்றுள் மூன்றாவது. தந்திரசங்கிரகம் 1958ஆம் ஆண்டில் வெளிவந்தது. அந்த ஏடுகளைப் படித்து, ஒப்பிட்டு, எழுத்தெழுத்தாகப் பெயர்த்தவர்களின் உழைப்பு இல்லையாயின், நீலகண்டர் பெயரளவிலேயே நின்றிருப்பார்.

இதே நகரில் 1837ஆம் ஆண்டில் சுவாதித் திருநாள் மன்னர் வான்நோக்கு நிலையம் ஒன்றை நிறுவினார். நட்சத்திர பங்களா என்று ஊரார் அழைத்தது அதனையே. 1963ஆம் ஆண்டு நவம்பர் 21ஆம் நாள் தும்பாக் கடற்கரையிலிருந்து முதல் ஏவூர்தி எழுந்தது. அப்பணியோடு தொடர்புடைய குடும்பங்கள் நம் குடியிருப்புகளிலும் உண்டு. நீலகண்டர் நோக்கிய அதே மேல்வானத்தையே நாம் அனைவரும் நாள்தோறும் பார்க்கின்றோம்.

இன்று நமக்குத் தெரிந்தது மிகுதி. வெள்ளி தன்மேல் விழும் ஒளியில் ஏறத்தாழ முக்காற்பங்கைத் திருப்பி வீசுகின்றது. அதனைச் சூழ்ந்த அடர்ந்த முகிலே காரணம். நிலவோ பத்தில் ஒரு பங்களவே திருப்புகின்றது. நமக்கு அருகில் இருப்பதனால் பெரிதாய் ஒளிர்கின்றது. வியாழன் தான் பெறுவதைவிட மிகுதியான வெப்பத்தை வெளிவிடுகின்றது. ஆனால் அது கண்ணுக்குத் தெரியாத வெப்பக்கதிர். நம் கண்ணுக்குத் தெரியும் வியாழ ஒளி கதிரவன் தந்ததே. இவையெல்லாம் நீலகண்டர் அறியாதவை. ஆனால் இவற்றை அறிவதற்கான நெறியை அவர் அறிந்திருந்தார்.

நூறு வயதை எட்டியவர் என்று அவரைப் பற்றி மரபு கூறும். ஆரியபட்டரிடம் பெற்றதை அப்படியே திருப்பித் தந்திருந்தாலும் அவருக்குப் புகழ் கிடைத்திருக்கும். அவர் அவ்வாறு செய்யவில்லை. பெற்றதை வானத்தின் முன் நிறுத்திச் சோதித்து, ஒத்ததைக் கொண்டு, ஒவ்வாததைத் திருத்தித் தந்தார். கோளுக்கு இரவல் ஒளி போதும். மனிதனுக்குப் போதாது என்பதை அவர் வாழ்க்கை நமக்கு உணர்த்துகின்றது.

அச்சிறுமிக்கு நான் அன்று முழு விடை சொல்லவில்லை. சிறு தொலைநோக்கி ஒன்றை இரவல் பெற்று, வெள்ளி மாலையில் தோன்றும் நாட்களில் அவளுக்கும் அவள் தோழியர்க்கும் அதன் பிறையைக் காட்டுவது என்று முடிவு செய்திருக்கின்றேன். பார்த்தவர் யார் என்று இனி எவரேனும் அவளைக் கேட்டால், நானே பார்த்தேன் என்று அவள் சொல்லட்டும்.